உள்ளுறையின் எடை

இருபத்தைந்து கிலோ மூட்டைக்குள்
இன்னொரு பை இருக்கிறது.
நிறமற்ற பிளாஸ்டிக் உள்ளுறை.
அதன் எடையை நாங்கள் எழுதவில்லை.

மற்ற எல்லாவற்றையும் எழுதியிருந்தோம்.
சோளம் எத்தனை டன், நீராவி எத்தனை டன்,
ஈஸ்ட் யாரிடம் வாங்கியது,
லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடியது,
மரப்பலகையில் அடித்த ஆணிகூட
இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் இருக்கிறது.
விட்டுப்போனது உள்ளுறை.
பொதிகட்டும் செலவுக்குப் பொறுப்பு நான்,
ச்சி யுன்ஷியா,
ஷான்டாங்கின் இந்த இனிப்பூட்டி ஆலையில்
பதினான்கு வருடக் கணக்காளர்.

வாஷிங்டனிலிருந்து சரிபார்க்க வந்தவர் லொரீன் காஸ்பரெக்.
தன் பேனாவைத் தானே கொண்டுவந்திருந்தார்,
தண்ணீரையும்.
இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன்,
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.
எங்கள் வக்கீல் முந்தின இரவே சொல்லிவிட்டார்:
கேட்டதற்கு மட்டும் பதில்.
சிரிக்கலாம், அளவாக.
குற்றம் பார்க்க வந்தவரிடம்
சுற்றம் தேடாதே.

"போதிய விலைக்குக் குறைவாக
எதையாவது பெற்றீர்களா?"
மின்சாரம், நிலம், வங்கிக் கடன்.
ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோப்பைத் திறந்தேன்.
திறக்க ஒரு கோப்பு இல்லாததும் இருந்தது:
வினாப்பட்டியல் எழுதிய மூன்று வாரமும்
இரவு பதினொன்று வரை
ஆறு பேர் கூலியில்லாமல் உட்கார்ந்தோம்.
அதுவும் மானியம்தான்.
கொடுத்தது யார் என்ற கட்டத்தில்
எழுத ஓர் அரசு இல்லை.

மூன்றாம் நாள், கிடங்கு, ஆகஸ்ட் வெயில்.
உள்ளுறை ஒன்றை உருவி
மின்தராசில் போட்டார்.
நூற்றுப் பன்னிரண்டு. நூற்றாறு. நூற்றுப் பதினைந்து.
எண்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.
நிமிர்ந்து பார்த்தார்:
"அந்த மின்விசிறியை நிறுத்துங்கள்."

நிறுத்தினோம்.
பன்னிரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி நின்று
வியர்த்தோம்.
நூற்றுப் பத்து.
அவர் எழுதினார். நான் எழுதினேன்.
வக்கீல் இரண்டு முறை எழுதினார்.

ஊறல் தொட்டிகளைக் கடக்கும்போது
சட்டென்று நின்றுவிட்டார்.
புளித்த சோளத் தண்ணீரின் வாடை,
புதியவர்கள் மூக்கைப் பொத்தும் இடம்.
பொத்தவில்லை.
ஏதோ சொன்னார், மெதுவாக.
மொழிபெயர்ப்பாளன் வக்கீலைப் பார்த்தான், பிறகு என்னை.
"இந்த வாடை அவங்களுக்குத் தெரியுமாம்.
போன மார்ச் வரைக்கும்
அவங்க அண்ணன் சட்டையில இருந்துச்சாம்."

போன மார்ச்சில்தான் நாங்கள்
மூன்றாவது உற்பத்தி வரிசையைத் திறந்தோம்.
பட்டாசு வெடித்தோம்.
எனக்கு வாய்வரை ஒரு வாக்கியம் வந்தது.
"இது பதிவில் சேராது," என்றார் வக்கீல்.
எல்லோரும் நடந்தோம்.

நாங்கள் செய்வது
நாக்கில் வைத்ததும் குளிரும்.
இனிக்கும்,
உடம்பு எதையும் எடுத்துக்கொள்ளாது,
வந்தபடியே வெளியேறிவிடும்.
அவரும் அப்படித்தான் போனார்,
தன் பேனாவோடு.

தீர்ப்பு பனிக்காலத்தில் வந்தது.
உள்ளுறை, நூற்றுப் பத்து கிராம், முரண்பாடு இல்லை.
அந்த ஒரு வரியை நான்கு முறை படித்தேன்.
அடுத்த பக்கத்தில் சோளம்.
எங்கள் ரசீதுகள் உண்மைதானாம்,
எங்கள் விலைதான் விலையில்லையாம்.
ஆகவே எங்கள் சோளத்துக்கு
துருக்கியில் விற்கும் விலை.
பொருள் குவிப்பு வரி நூற்று நாற்பத்தொன்று சதவீதம்,
மானியத்துக்காக மேலே ஓர் ஆறு.

மூன்றாவது வரிசையை மூடினார்கள்.
மூட்டை தைக்கும் ஃபெங் ஷுவாங்
கையுறைகளைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு
சிங்தாவ் பஸ் ஏறினாள்.

இப்போதும் சில காலைகளில்
கைபேசியில் அதானா நகரத்து வானிலையைப் பார்க்கிறேன்.
அங்கேதான் சோளம் அதிகமாம்.
போனதில்லை, போகப்போவதுமில்லை.
இன்று அங்கே மழை.
எங்கள் சோளம் நனைகிறது.